வியாழக்கிழமை ஃபால்ட்

அலுவலகத்தில் அவளைப் போன் அக்கா என்பார்கள். தொழிற்சாலைகளில் வரிசையாக வரும் பொருள்களைப் படம் எடுத்துப் பார்த்து, நல்லதை விட்டுக் கெட்டதைத் தள்ளிவிடும் கேமராக்களை விற்கிற கம்பெனி அது. விற்கிறவர்களும் பொருத்துகிறவர்களும் காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாங்கியவர்கள் கோளாறு என்று கூப்பிட்டால் எடுப்பதற்கு ஓர் அறையில் ஒரு போன் இருந்தது. அந்த அறையில் அவள் இருந்தாள்.

நடையின் கடைசி அறை. ஒரு மேஜை, இரண்டு திரைகள். சுவரோரமாக ஒரு சோதனை மேடை. அதில் ஆறு காலிப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு ஒரு வட்டத் தட்டு மெதுவாகச் சுற்றும். தட்டைப் பார்த்தபடி ஒரு கேமரா, அதற்குச் சற்று முன்னால் விரல் நீளத்தில் ஒரு சென்சார். கூப்பிடுகிறவர் சொல்லும் கோளாறை அவள் முதலில் இந்தத் தட்டில் உண்டாக்கிப் பார்ப்பாள். பிறகு அதைத் தீர்த்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் அவருக்கு வழி சொல்வாள். "அக்கா பாட்டிலோட குடித்தனம் பண்றாங்க" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

முன்பு அவளும் பை மாட்டியவள்தான். பதினோரு வருடம் ஊர் ஊராகப் போய்க் கேமரா பொருத்தியிருக்கிறாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது தானாகக் கேட்டு இந்த அறைக்கு வந்தாள். ஐந்து வருடம் அம்மாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அறையை மாற்றச் சொல்லிக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, மாற்றித் தர அவர்களுக்கும் தோன்றவில்லை. வயது நாற்பத்தேழு. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் பேச்சாகவே நின்றுபோயிற்று. கூடப்பிறந்த அக்கா வேறு நாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பாதி நேரம் அவளுடைய மூட்டுவலிக்குப் போகும், மீதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதற்குப் போகும்.

ஒரு நாளைக்கு முப்பது பேராவது அவள் குரலைக் கேட்டார்கள். ஆனால் சாயங்காலம் மாடிப்படி ஏறி, கதவைத் திறந்து விளக்கைப் போட்டாளானால், மறுநாள் ஒன்பது மணி வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. சில காலைகளில் முதல் போனை எடுக்கும்போது குரல் கரகரவென்று வரும். செருமிக்கொண்டு, "வணக்கம், சர்வீஸ்" என்பாள்.

அந்த எலெக்ட்ரீஷியன் முதல் தடவை கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை, மணி நாலு இருக்கும். தொலைவில் இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலை, இருமல் சிரப் நிரப்புகிற இடம். நிதானமான, வயதான குரல்.

"மேடம், இங்க கேமரா ஒரு பாட்டிலை ரெண்டுன்னு எண்ணுது."

"எல்லாப் பாட்டிலையுமா, அப்பப்பவா?"

"அப்பப்ப. ஆனா நாளைக்கு நூறு தடவை."

"சென்சார்ல ஒரு சின்ன விளக்கு இருக்கும் பாருங்க. பாட்டில் தாண்டும்போது அது எப்படி எரியுது?"

ரிசீவரை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்டீல் பட்டையின் மேல் பாட்டில் இழுபடும் சத்தமும் கேட்டது.

"எரியுது மேடம். ஆனா அணையறதுக்கு முன்னாடி லேசா நடுங்குது."

"பாட்டில் ஈரமா இருக்கா?"

"கழுவிட்டு வருதுல்ல. தோள்ல தண்ணி நிக்குது."

அவள் தன் தட்டிலிருந்த ஒரு பாட்டிலின் தோளில் குடிதண்ணீரைத் தெளித்துச் சுற்றவிட்டாள். ஆறு பாட்டில்கள் ஏழாயின. பாட்டில் குறுக்கே வந்ததும் சென்சார், முதல் இன்புட் என்கிற கம்பி வழியாகக் கேமராவுக்கு ஒரு சிக்னல் அனுப்பும், அதை நம்பிக் கேமரா ஒரு படம் எடுக்கும். நீர்த்துளியில் ஒளி சிதறிச் சிக்னல் ஒரு கணம் அறுந்து மறுபடி வந்தால், அடுத்த பாட்டில் வந்துவிட்டது என்று கேமரா எண்ணிக்கொள்ளும்.

"திரையில முதல் இன்புட்டைத் திறங்க. ஃபில்டர் டைம்னு ஒண்ணு இருக்கும். என்ன போட்டிருக்கு?"

"சைபர்."

"அஞ்சு போடுங்க. அஞ்சு மில்லி செகண்டுகூட நிக்காத எதையும் அது காதுல போட்டுக்காது."

"அஞ்சு போதுமா?"

"பாட்டில் அதைவிட ரொம்ப நேரம் நிக்கும். தண்ணித் துளியால அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது."

அவர் மெல்லச் சிரித்தார். பட்டையில் பாட்டில் நாலைந்து தடவை போய்வந்தது. "இப்ப ஒழுங்கா ஒண்ணுங்குது. ரொம்ப நன்றி மேடம்" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது, "நீங்க சாப்பிட்டாச்சா?" என்றார்.

மணி நாலரை. அந்த நேரத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். அவர் அப்போதுதான் சாப்பிடப் போகிறார் போல. "ஆச்சு" என்றாள். போனை வைத்த பிறகு, அந்த எண்ணைச் 'சிரப் எலெக்ட்ரீஷியன்' என்று எழுதி வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு மறுபடி அவர்தான். சிக்னல் வருகிறது, ஆனால் படத்தில் பாதிப் பாட்டில்தான் விழுகிறது என்றார். பார்த்தால், சிக்னல் வரும்போது படம் எடுக்காமல் அது போகும்போது எடுக்கும்படி யாரோ மாற்றிவைத்திருந்தார்கள். பாட்டில் பாதி தாண்டிய பிறகு படம் எடுத்தால் பாதிதானே விழும். அதையும் மாற்றினார்கள். அதற்கடுத்த வாரம் இரண்டாவது இன்புட். சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலா என்று கேமராவுக்குச் சொல்கிற கம்பி அது. அதை அவராகவே கேட்டார், "இதுக்கு என்ன வேலை, தெரிஞ்சுக்கலாமா" என்று. அவள் விளக்கிச் சொன்னாள். இப்படி விவரமாகக் கேட்கிற ஆள்கள் அபூர்வம். மற்றவர்கள் "ஓடுதா, ஓடலையா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிமுதல் ஐந்துவரை அங்கே பாட்டில் நிரப்பும் லைன் நிற்கும். குழாய்களையெல்லாம் கழுவுவார்கள். நிரப்பும் ஆள்கள், மூடி போடும் ஆள்கள் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அவர் மட்டும் பெரிய கூடத்தில் தனியாக நிற்பார், சுவரில் மாட்டியிருக்கும் போனுக்குப் பக்கத்தில். கையால் ஒரு பாட்டிலைத் தள்ளித் தள்ளிச் சோதிப்பார். ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்க்கும் இடைவெளியில் கொஞ்சம் பேச்சும் கலந்துகொண்டது. அவருடைய மனைவி, மகன் வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போனவர், மூன்று வருடம் ஆகிறது. அவர் கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்.

"குக்கர் ஒண்ணு வாங்கினேன். விசில் வந்தாலே வெளிய போய் நின்னுக்கறேன்."

"நாநூறு வோல்ட் எல்லாம் பாத்தவர், குக்கருக்குப் பயப்படறீங்களா அண்ணா?"

"கரண்ட் சத்தம் போட்டு மிரட்டாதும்மா."

சாரும் மேடமும் அண்ணாவாகவும் அம்மாவாகவும் எப்போது மாறினார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

முதல் ஃபால்ட் மறுபடி மறுபடி வந்தது. ஒன்றை இரண்டாக எண்ணுகிறது. ஃபில்டர் டைம் தானாகச் சைபருக்குப் போய்விட்டது. அஞ்சு போட்டால் சரியாகிவிடுகிறது. எட்டாவது வாரமோ என்னவோ, அவள் எண்ணைச் சொல்வதற்கு முன்பே, "அஞ்சு போட்டுட்டேன்" என்றார். அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. "போட்டுட்டீங்களா? சரி, இப்ப பாட்டிலைத் தள்ளிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் அவள் நாலு மணிக்கு முன்பாகவே டீயைக் குடித்துமுடித்து, மேஜையை ஒழித்து வைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் இப்படிப் போனது.

பிறகு அந்தத் தொழிற்சாலை மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மருந்துக் கம்பெனியில் ஓர் எண்ணை மாற்றினால்கூட ஏன் மாற்றினோம் என்று எழுதிவைக்க வேண்டும். தணிக்கைக்கு வந்தவர்கள் கேமராவின் பதிவைப் புரட்டியிருக்கிறார்கள். வாரம் தவறாமல் ஓர் அமைப்பு மாறுகிறது, பிறகு பழையபடி திரும்புகிறது. காரணம் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் கேமராவுக்கு ஞாபகமறதியா என்று மேனேஜர் சூடாகக் கேட்டிருந்தார். பதிவையும் இணைத்திருந்தார்.

அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதைப் படித்தாள்.

வியாழக்கிழமை, மூன்று ஐம்பது: முதல் இன்புட், ஃபில்டர் டைம், ஐந்திலிருந்து சைபர். மாற்றியது பராமரிப்புப் பிரிவின் பாஸ்வேர்டு. நாலு இருபத்தைந்து: சைபரிலிருந்து ஐந்து. அதே பாஸ்வேர்டு. அடுத்த வியாழன், அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இருபத்து மூன்று வியாழக்கிழமைகள், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி. ஒரே ஒரு வாரம் மட்டும் வேறுமாதிரி. மூன்று ஐம்பதுக்குச் சைபர், நாலு மணி மூன்று நிமிடத்துக்கு ஐந்து. தேதியைப் பார்த்தாள். அவள் ஜுரத்தில் படுத்திருந்த வாரம் அது. போனைப் பக்கத்து அறைக்காரர் எடுத்திருக்கிறார்.

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. வந்தது பயம். ஓய்வுபெறப் போகிற மனிதர். மருந்துக் கம்பெனி. விஷயம் வெளியே வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு லைன் ஓடும் நேரம் ஒன்றில்கூட அந்த எண் சைபராக இல்லை என்பதை மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு பாட்டில்கூடத் தப்பாகப் போயிருக்கவில்லை.

மேலதிகாரியிடம் போய், "நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு வருடத்தில் அவள் கேட்ட முதல் பயணம் அது.

லைன் நிற்கிற நாளிலேயே வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். சோப்புத் தண்ணீர் வாசனை. ஈரத் தரை. அவள் உயரமான, ஒல்லியான ஓர் ஆளை நினைத்து வைத்திருந்தாள். நின்றவர் குட்டையாக, பூசினாற்போல் இருந்தார். கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேனேஜர், "இவர்தான் எங்க எலெக்ட்ரீஷியன், பேனலைத் திறந்து குடுப்பார்" என்று அறிமுகம் செய்தார்.

"வணக்கம் மேடம்" என்றார் அவர்.

"வணக்கம் சார்" என்றாள் அவள்.

மேனேஜர் போன பிறகும் மேடமும் சாரும் போகவில்லை. "இந்தக் கம்பியைக் கழட்டட்டுமா மேடம்?" "கழட்டுங்க." "இருபத்து நாலு வோல்ட் வருது மேடம்." "சரி." போனில் ஆறு மாதம் பேசியவர்கள், முகத்தைப் பார்த்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிட்டார்கள். அவள் இரண்டு இன்புட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சோதிக்க ஒன்றுமே இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பாட்டிலைத் தள்ளினார், அவள் திரையைப் பார்த்தாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள். "பதிவைப் பாத்தேன்."

அவர் ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "எவ்வளவு தூரம் பாத்தீங்க?"

"முழுக்க. எனக்கு ஜுரம் வந்த வாரம், நீங்களே மூணு நிமிஷத்துல சரி பண்ணிட்டீங்க."

"வேற யாரோ எடுத்தாங்க. அவர்கிட்ட நான் என்னத்தைப் பேசறது."

திருகாணி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அவர் இன்னும் முறுக்கினார்.

"சும்மாவே கூப்பிட்டிருக்கலாமே அண்ணா."

"சும்மா கூப்பிட்டா யாருன்னு சொல்லிக் கூப்பிடறது? ஃபால்ட்டுன்னா உரிமையாக் கூப்பிடலாம். நீங்களும் எடுத்துத்தானே ஆகணும்." ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "தப்புதான். முதல் வாரம் வந்தது நிஜமாவே ஃபால்ட்டு. அப்புறம் வந்தது எல்லாமே நான்தான். லைன் ஓடும்போது தொட்டதில்ல. அது மட்டும் சத்தியம்."

"அதையும் பாத்தேன்." திரையை அணைத்துவிட்டு, "எனக்கு முன்னாடியே சந்தேகம் வந்துச்சு. நான் சொல்றதுக்கு முன்ன அஞ்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. நானும் வாயைத் திறக்கல" என்றாள்.

அவர் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். கேமராவில் கோளாறு இல்லை. லைன் நின்றிருந்த நேரங்களில் பராமரிப்புப் பிரிவிலிருந்து அமைப்பு மாற்றப்பட்டு, லைன் தொடங்கும் முன் திருத்தப்பட்டிருக்கிறது. இடையில் பாட்டில் எதுவும் போகவில்லை. இனி ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். எழுதியதில் பொய் எதுவுமில்லை. அவரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். "பராமரிப்புப் பிரிவுன்னா மூணு பேர்மா. பாஸ்வேர்டு மூணு பேருக்கும் ஒண்ணு. மத்த ரெண்டு பேரும் புள்ளகுட்டிக்காரங்க. நான்னு போடாட்டி, அவங்க தலையிலயும் விடியும்."

"பேரைப் போட்டா உங்க தலையில மட்டும்தான் விடியும்."

"என் தலையில விடியறதுதானே நியாயம்."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். அவள் பின்னால் போனாள். காலில் மாட்டிய உறையைக் கழற்ற மறந்ததால் நடைவழியெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது.

"மாத்தினது நான்தான் சார்" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். மேனேஜர் அதைப் படித்தார், பிறகு அவரைப் பார்த்தார். "நீங்களா? எதுக்கு?"

"பழகிக்கறதுக்கு சார்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"ஆறு மாசமாவா?"

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "இன்புட் செட்டிங் எல்லாம் இப்ப இவருக்கு நல்லாத் தெரியும் சார். எங்க ஆளுங்களுக்கே இவ்வளவு தெரியாது" என்றாள். அதிலும் பொய்யில்லை.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தணிக்கைக்காரர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது, கேமராவை மாற்ற வேண்டியதும் இல்லை. அதுவரையில் அவருக்கு நிம்மதிதான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், பாஸ்வேர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலையில் கைவைக்கவில்லை. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்று வாசல்வரை வந்து வழியனுப்பிய எலெக்ட்ரீஷியன், "பஸ்ல இடது பக்க ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காருங்க, வெயில் அந்தப் பக்கம் வராது" என்று மட்டும் சொன்னார். அவருடைய சொந்த எண்ணை அவள் கேட்கவில்லை, அவரும் அவளுடையதைக் கேட்கவில்லை. பஸ் அரை மணி நேரம் போன பிறகுதான் அது உறைத்தது.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு வேறு யாரோ கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வியாழன் யாருமே கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அவளே அந்தக் கூடத்து எண்ணைச் சுற்றினாள். சர்வீஸ் அறையிலிருந்து வெளியே போன் செய்வது அவளுக்குப் பழக்கமே இல்லை.

"ஹலோ" என்றது அவருடைய குரல்.

"நான்தான். ஃபால்ட் ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"சரி."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இன்புட்டும் ஃபில்டரும் இல்லாமல் பேச ஆரம்பிப்பது இருவருக்கும் பிடிபடவில்லை. "குக்கர் எப்படி இருக்கு?" என்றாள். "இப்ப விசில் வந்தாலும் சமையலறையிலயே நிக்கறேன்" என்றார். மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. வைத்துவிட்டார்கள்.

அப்புறமும் அவள் கூப்பிட்டாள், வாராவாரம் இல்லை, அவ்வப்போது. ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம், நாலு நிமிடம். ஃபால்ட் இருந்த காலத்தில் அரைமணி நேரம் ஓடிய பேச்சு, ஃபால்ட் இல்லாதபோது அவ்வளவுதான் நீண்டது. ஓய்வுபெறும் நாள் நெருங்கியபோது, மகன் இருக்கும் ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொன்னார். "நல்லது அண்ணா, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்" என்றாள். "ஆமா. உடம்பைப் பாத்துக்கம்மா" என்றார். அவர் போனை வைப்பதற்குள் அவள் தன் சொந்த எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். இதுவரை கூப்பிடவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவள் மேலதிகாரியிடம் மறுபடி வெளிவேலை கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தார்கள். முழங்கால் முன்போல் இல்லை, பஸ்ஸில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தெரியாத ஊர்களில் தெரியாத பேனல்களைத் திறக்கிறாள், வேலை முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறாள். மத்தியானங்களில் தொழிற்சாலை கேன்டீன்களில் ஓரமேஜையாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அநேகமாகத் தனியாகத்தான்.

சென்ற மாதம் ஒரு டப்பா தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இங்க உங்களைப் பாத்ததே இல்லையே, என்ன வேலையா வந்தீங்க?" என்றாள்.

"கேமராவுக்குக் கம்பி குடுக்க."

"அது எப்படி வேலை செய்யும்? நான் தினம் அது பக்கத்துலதான் நிக்கறேன், எனக்கு ஒண்ணும் புரியறதில்ல."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து மேஜையின் நடுவில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாட்டு மணி முடிந்து மற்றவர்கள் எழுந்து போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.